மடியில் தலைவர்

மார்ச் 3

நீண்ட யோசனைக்குப் பிறகு இன்று முடிவெடுத்தேன்: கள ஆய்வுக் கேள்வித்தாள்களை நீலக் கோப்பில் அல்ல, பழுப்புக் கோப்பில் எடுத்துச் செல்வது. நீலம் அதிகாரம், பழுப்பு பணிவு. வளர்ச்சியியல் முதுகலையில் நான் தனியாக எடுத்த பெரிய முடிவு இதுதான். சும்மாவா கடல் தாண்டி வந்திருக்கிறேன்?

மார்ச் 5

ஆய்வுக் கேள்வி: இந்தத் தொழிற்பேட்டைத் தாய்மார்கள் புதிய காப்பகத்துக்குப் பிள்ளைகளை ஏன் அனுப்புவதில்லை? பேராசிரியர் விடைகளையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்: விழிப்புணர்வின்மை, நம்பிக்கையின்மை, கணவர் மறுப்பு. டிக் போடுவது மட்டும் என் வேலை.

போட முடியவில்லை. கதவைத் திறந்த பெண் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி அலசப் போய்விட்டாள்.

"வாங்கிக்க," என்றாள் மொழிபெயர்க்க வந்த அக்கா. "புள்ளய வாங்கிக்கிட்டாத்தான் இங்க பேச்சே ஆரம்பிக்கும்."

குழந்தைக்கு வழுக்கைத் தலை, கடுகடுத்த முகம், எதற்கும் பதில் கிடையாது. தலைவர் என்று பெயர் வைத்தேன்.

மார்ச் 8

தலைவரின் அம்மாவுக்கு அட்டைப்பெட்டி ஆலையில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி குடிபெயர்ந்துவிட்டாள். திங்களன்று வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். காப்பகத்தின்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன்.

"ஷிப்ட் ஆறு மணிக்கு, காப்பகம் ஒன்பதுக்கு. நடுவுல யார நம்பறதுன்னு கேக்கறா," என்றாள் அக்கா.

கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் 9

பேராசிரியர் போனில்: "விழிப்புணர்வின்மையில போட்டுடும்மா. எதுலயும் சேராததெல்லாம் அதுலதான் வரும்."

மார்ச் 11, திங்கள்

விடிவதற்குள் தலைவர் என் அறையில், அவர் அம்மா ஆலையில். ஆய்வாளர் தலையிடக் கூடாது என்பது பாடம். தலைவர் அதைப் படித்ததில்லை. தோளில் பால் கக்கினார். பிறகு என் விரலைப் பிடித்தபடி தூங்கிப்போனார். ஒன்பது மணிவரை விரலை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

மார்ச் 20

காலையில் என் அறைக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தலைவருக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 29

அம்மா போனில்: "ஆயா வேலை பாக்கவாடி அங்க போன? அந்தத் தொண்டு நிறுவனத் தலைமையகத்துல வேலை தரேன்னாங்களே, என்னாச்சு?"

அடுத்த மாதம் சேரச் சொல்கிறார்கள். தனி மேசை, ஜன்னல். நான் போய்விட்டால் காலையில் இவர்களை யார் —

"அங்க யாருடி அழறது?"

"தலைவர்."

"தோள்ல போட்டு முதுகத் தடவு. ஏப்பம் வரலைன்னா அப்படித்தான் அழும். என்ன படிச்சியோ!"

ஏப்ரல் 4

காப்பக நிர்வாகியிடம் சீக்கிரம் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

"திறக்கலாம். அந்நேரத்துக்கு வேலைக்கு எவ வருவா?"

அடுத்த ஆண்டு, ஜூன் 2

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். தலைமையகத்தில் வேறொருவர் சேர்ந்திருக்கிறார். காப்பகம் ஐந்தரைக்குத் திறக்கிறது. சாவி என்னிடம்.