நம் வீட்டுச் சுவரில் தெதேய்

அன்பு மகள் அயோர்கோருக்கு ஜேம்ஸ்டவுனிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான், உன் பெரியப்பா, என் முழங்கால் மூவரும் இருக்கிறோம், முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஹாம்பர்கில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சின்னவனுக்கு இருமல் என்றாயே, இஞ்சி கொடு, அந்த ஊரில் இஞ்சி கிடைக்காது என்று சொல்லாதே, கிடைக்கிறது என்று போன ஈஸ்டருக்கு நீயே சொன்னாய். மாப்பிள்ளை அன்றைக்குப் போனில் என்னிடம் பேசுவதற்கு முன்னால் உன் பெரியப்பாவிடம் பேசினார், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை பெய்துகொண்டிருந்தது.

இப்போது சுவர் விஷயம். யாராவது ஏற்கெனவே உனக்குப் படம் அனுப்பியிருப்பார்கள், அதை நம்பாதே, நடந்ததை நான் சொல்கிறேன். இந்த வருடம் தெரு ஓவிய விழாக்காரர்கள் வந்து, கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் உள்ள சுவர்களில் இந்தத் தெருவின் மூத்த பெண்களை வரையப் போகிறோம், உங்கள் வீட்டுக்காரர் கட்டிய சுவர் நல்ல உயரம், கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். உன் அப்பா கட்டவில்லை, பணம் கொடுத்தது அவர், நின்று கட்ட வைத்தது நான், அதைச் சொல்லிவிட்டுத்தான் சரி என்றேன். குமாசியிலிருந்து லமிலே என்று ஒரு பெண் வந்தாள், ஒல்லியாக, சாப்பாட்டில் அக்கறை இல்லாதவள். மூன்று நாள் நான் மீனுக்குப் புகை போடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வாழ்க்கைய சொல்லுங்க பெரியம்மா, அப்படியே சுவத்துல கொண்டுவந்துடறேன்" என்றாள். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நாலாம் நாள் உன் சித்தி பேத்திக்குப் பெயர் வைக்க தேமாவுக்குப் போனேன், முழங்கால் வீங்கி ஐந்து நாள் அங்கேயே கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், நம் சுவரில் தரையிலிருந்து கூரை வரை தெதேய்.

ஆமாம், அதே தெதேய்தான், அடுத்த சந்துக்காரி. முப்பத்தொரு வருடமாக நான் பேசாத தெதேய். மக்கோலா சந்தை வியாபாரிகள் நிற்கும்போது என் மீன் கூடையைப் பார்த்து, இது நேத்து மீன்கூட இல்ல, அதுக்கும் முந்தினது என்று சொன்னவள். அடுப்பு இடுக்கியை நான் எறிந்ததும் அது அவள் புருவத்தில் பட்டதும் உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய், ஏழு வயது. முன்பல் இடைவெளி, காது மடல், பொய் சொல்லப் போகும்போது சுழிக்கிற வாயோரம், எல்லாம் அப்படியே இருக்கிறது. லமிலே அவளை நேரில் பார்த்ததே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். தூரிகையைக் கழுவிக்கொண்டே, "மூணு நாளும் நீங்க அவங்களப் பத்தித்தானே சொன்னீங்க பெரியம்மா. உங்களப் பத்தி ஒரு வார்த்தைகூட வரலையே. உங்க வாழ்க்கைன்னா அவங்கதான்னு நினைச்சுட்டேன்" என்றாள். அன்று சாயங்காலமே சுண்ணாம்பு மூட்டை வாங்கிப் போட்டேன்.

அதற்குள் ஹோமோவோ வந்துவிட்டது. பண்டிகைக்கு மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்லி, மனத்தாங்கல் இருந்தால் தண்ணீர் குடித்துத் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறதே, அதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் முதல் நாளே தெஷிக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அவர்களுக்குப் பண்டிகை பிறகுதான் வரும், அப்போது இங்கே வந்துவிடுவேன். முப்பது வருடம் இப்படித் தப்பித்தேன். முழங்காலுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னது. இந்த முறை உன் பெரியப்பா வாசலை மறித்து நின்றுவிட்டார். "வீட்டுச் சுவத்துல ஒருத்தி முகத்த வச்சுக்கிட்டு, அவ வர்ற அன்னைக்கு நீ வீட்டப் பூட்டிட்டுப் போவியா? ஊர் உன்னைச் சொல்லாது, எங்கள சொல்லும்" என்றார். சுண்ணாம்பு அடிக்கலாம் என்றால் பண்டிகை வாரத்தில் எவனும் ஏணி ஏற மாட்டேன் என்கிறான். எனக்கோ முழங்கால். அவள் முகம் அங்கே நிற்க, அவள் எதிரில் நான் நிற்க வேண்டும், அதற்குச் செத்துவிடலாம் என்று தோன்றியது, எழுதுகிறேன், யாருக்கும் படித்துக் காட்டாதே.

சனிக்கிழமை சோளமாவில் பொக்பொய் கிண்டி, செத்துப்போன முன்னோர்களுக்கு வாசலில் தூவி, எல்லோரும் சாப்பிட்டோம், குழம்பில் உப்பு குறைவு, நான் வைக்கவில்லை. ஞாயிறு காலையில் தெதேய் வந்தாள். வெள்ளைத் துணி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. தெரு முழுக்க ஆள். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, "மூக்கு கொஞ்சம் பெருசு, பரவாயில்ல. தழும்பு ஏன் வலப்பக்கம் இருக்கு? எனக்கு இடப்பக்கம்ல" என்று முக்காட்டை விலக்கிக் காட்டினாள். இடப்பக்கம்தான். லமிலே என்னைப் பார்த்தாள், பெரியப்பா என்னைப் பார்த்தார், மீன் வாங்க வந்தவள்கூட என்னைப் பார்த்தாள். வலது என்று சொன்னது நான்தான். எதிரே நின்று எறிந்தேன், என் வலப்பக்கம், அதைத்தான் சொன்னேன் என்றேன். தெதேய் சொன்னாள்: "எறிஞ்சவளுக்கே எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு. அப்புறம் எத வச்சுடீ முப்பத்தொரு வருஷம் கோவிச்சுக்கிட்ட?" எல்லோரும் சிரித்தார்கள். சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கே அழித்துவிடுவேன் என்றேன். "அழி, உன் சுவர். ஆனா முதல்ல தழும்ப இடப்பக்கம் மாத்திட்டு அழி. தப்பா இருக்கும்போது என்னை அழிக்காத" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் குடித்தோம். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஒரே குவளை, அவள் முதலில் குடித்தாள், அதையும் குறித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லமிலே மறுபடி ஏறினாள். தெதேய் கீழே நாற்காலியில் முகத்தைக் காட்டி உட்கார, நான் பக்கத்தில் நின்று, இன்னும் மேலே, இன்னும் உள்ளே என்று சொன்னேன். இப்போது சரியாக இருக்கிறது. சுண்ணாம்பு மூட்டை அடுப்படியில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. தெதேய் தினமும் காலையில் வந்து தன் முகத்துக்குக் கீழே உட்காருகிறாள், படம் எடுக்க வருகிறவர்களுக்கு நான் யாரென்று தெரிவதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பல்லாண்டு நன்றாக இருங்கள், அடுத்த ஹோமோவோவுக்கும் எல்லோருக்கும் உயிர் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் மீனை வைத்துச் சண்டை போட்ட நாள் புதன்கிழமை என்று இத்தனை வருடமும் சொல்லி வருகிறேன். தெதேய் செவ்வாய் என்கிறாள். செவ்வாயில் நம் படகு எதுவும் கடலுக்குப் போகாது, அன்று என் கூடையில் மீன் இருந்திருந்தால் அது எப்போது பிடித்த மீன் என்று உனக்கே தெரியும். நீ புதன்கிழமைதோறும் பள்ளி வழிபாட்டுக்கு வெள்ளைச் சட்டை போடுவாய். அன்று என் பக்கத்தில் நின்றபோது என்ன சட்டை போட்டிருந்தாய் என்று நினைத்துப் பார். வெள்ளை என்றால் உடனே எழுது. வேறு நிறம் என்றால் அவசரமில்லை.

உன் அம்மா,
குவார்லே