புங்கங்கன்றுகள் கருகிய மைதானம்

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் உன் தங்கச்சி கனியும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் இருமல் காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ வரும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஜெர்மனியில் மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு எழுந்து போகவும் மாட்டேன் என்கிறார். அவர் காதில் விழும்படி சொல்ல முடியாத ஒன்று இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சிமுத்து அண்ணாச்சியின் மகன் அடுத்த வாரம் உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடும் உடன்குடிக் கருப்பட்டியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

நம் காலனிப் பூங்காவில் ரெனிஷ் தம்பி பிள்ளைகளுக்கு ஃபுட்பால் லீக் நடத்துவதும், இந்த வருஷம் பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணி சேர்த்ததும், நம் கனி அதில் ஓடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருவதும் உனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே அது சுமுகமாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அந்தச் சாயங்காலம்தான், நடக்க வருகிறவர்களுக்கும் வெயில் தாழ்ந்த அந்த நேரம்தான். ஒருநாள் பந்து வந்து பிச்சம்மாள் அக்காவின் தூக்குவாளியில் விழுந்து பால் அத்தனையும் கொட்டிவிட்டது. பந்தை எடுக்க ஓடிய நம் கனியைப் பிடித்துக்கொண்டு, ‘ஏளா, வாளியில பட்டது என் மண்டையில பட்டிருந்தா உங்க அம்மையா வந்து பால் காய்ச்சுவா?’ என்று கேட்டாள். அப்புறம் ஒருவழியாகப் பேசி, நடப்பவர்கள் சுற்றுப்பாதையில், பிள்ளைகள் நடுமைதானத்தில் என்று ஆனது. நடப்பவர்கள் பக்கம் நின்று பேசியவரும், பிள்ளைகள் ஆடும் நேரத்தைக் குறைக்கச் சொன்னவரும் தேவபிரசாதம் சார். நாசரேத் பக்கத்து மனிதர், அப்பாவுக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர், இன்றைக்கும் அவரைக் கண்டால் அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். பூங்காவின் கிழக்குச் சுவர் ஓரமாக அவர்தான் புங்கங்கன்றுகள் வைத்திருந்தார், வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் ஊற்றுவார்.

இதில் அப்பா எங்கே வந்தார் என்றால், கோடு போடுவதில் வந்தார். மைதானத்தில் கோடு போட ரெனிஷ் தம்பி கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அப்பா, ‘உப்பு விளையுத ஊருல இருந்துக்கிட்டு கோலப்பொடி வாங்குதியளா? நம்ம குடோன்ல கூட்டி அள்ளுத உப்பே குவிஞ்சி கெடக்குல்லா’ என்று சொல்லி, பாக்கெட் போட ஆகாத அழுக்கு உப்பை மூட்டை மூட்டையாக அனுப்பினார். செம்மண்ணில் அந்தக் கோடு பளிச்சென்று எவ்வளவு அழகாகத்தான் இருந்தது. கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி ‘கோடு உபயம்: சிவபாலன் உப்பு வியாபாரம்’ என்று கம்பத்தில் ஒரு போர்டு வேறு. நான்கூடச் சிரித்தேன். சிராய்த்த முழங்காலோடு கோட்டில் விழுந்த பிள்ளை எரிச்சலில் துள்ளிக் குதிக்கும், மற்றதெல்லாம், ‘கோட்டுக்கு வெளிய விழுளான்னு சொன்னம்லா’ என்று கேலி செய்யும். கடல்காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து காலையில் கோடு மங்கிவிடும், மறுபடி கொட்டுவார்கள். அப்படிக் கொட்டியது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

சித்திரையில் எதிர்பாராமல் ஒரு பெரிய மழை பெய்தது. மைதானத்துத் தண்ணீர் முழுக்கக் கிழக்குச் சுவர் ஓரப் பள்ளத்தில் போய் நின்றது. தண்ணீர் வற்றிய பிறகு கன்றுகளின் இலைகள் ஓரத்திலிருந்து தீய்ந்தாற்போல் கருகி உதிர ஆரம்பித்தன. சார் அதைப் பார்த்துவிட்டு நின்ற நிலையை நான் பார்த்தேன் ப்ரியா, ஒரு கையில் கேன், மறுகை வெறும் குச்சியைத் தடவிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் அவருக்கு வந்த கோபமும் சாதாரணக் கோபம் இல்லை. ‘பிள்ளையளா இதுகள்? நேரத்தைக் குறைக்கச் சொன்னேன்னு வஞ்சம் வச்சி ஆசிட்ட ஊத்தியிருக்குதுகள்’ என்று மைதானத்தின் நடுவில் நின்று சொன்னார். கூட இருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கவுன்சிலர் வந்து கூட்டம் போட்டு முடிவு எடுக்கும் வரை பந்து உள்ளே வரக்கூடாது என்று ஆகிவிட்டது.

பையன்களுக்கு ஒன்றும் இல்லை, துறைமுக ரோட்டுப் பக்கம் எங்காவது காலி இடம் பார்த்து ஆடிக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகளை அங்கன யார் விடுவார்கள்? நானே விடமாட்டேன். கனி சாயங்காலமானால் ஷூவைத் துடைத்து வைப்பதும் மறுபடி எடுத்துத் துடைப்பதுமாக இருக்கிறாள். கோல் காக்கிற பெண், மீன்பிடிக்கப் போகும் இஞ்ஞாசி அண்ணனின் மகள், அவள் வீட்டில், ‘ஆசிட் ஊத்துத கூட்டத்தோட உனக்கு என்ன சகவாசம்’ என்று கேட்டார்களாம். பந்தை மறுபடி உள்ளே விட்டாலும் அவளை இனி அனுப்புவார்களா தெரியவில்லை. ஒரு பேச்சு எவ்வளவு தூரம் போய்விடுகிறது பார்.

எனக்கு அந்த ஆசிட் பேச்சு மனதில் ஒட்டவே இல்லை. போன வாரம் நடக்கப் போனபோது கன்றுகளின் பாத்தியைக் குனிந்து பார்த்தேன். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ‘சாருக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டார். இன்னும் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்றேன். ‘என்னன்னு சொல்லச் சொல்லுத? போர்டு வச்சி நான் கொன்னுட்டேன்னா? அவரு முகத்த நான் எப்படிப் பாப்பேன்’ என்றார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, பிரஷர் மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். நானே போய்ச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் பிள்ளைகள் மேல் விழுந்த பழி போய்விடும், ஆனால் வாயைத் திறக்காமல் மனைவியை அனுப்பினான் என்ற பெயர் அவருக்கு வந்துவிடும். சொல்லாமல் இருந்தால் நம் பிள்ளையையும் சேர்த்து ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பழியைவிடப் பயம் அவர் ஆறாம் வகுப்புப் பையனாகத் தலைகுனிந்து நிற்பதைப் பார்ப்பதுதான். நாளைக்குக் கூட்டம். அவர் பேசாவிட்டால் நான் எழுந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மீதியைக் கூட்டம் முடிந்த பிறகு எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து நாலு நாளாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். பூங்காவிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். கவுன்சிலர் முதலில் நடப்பவர்களைப் பேசச் சொன்னார், அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள், பெண்பிள்ளைகள் எல்லாம் ஊஞ்சல் பக்கம் ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் எழுந்துகொள்ள முந்தானையைச் சரிசெய்தேன், அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். ‘சார், பிள்ளையள் மேல தப்பு இல்ல. அது ஆசிட் இல்ல சார். உப்பு. என் உப்பு. மழையில கரைஞ்சி அங்கன போய் நின்னுட்டு’ என்றார், அவ்வளவுதான் வந்தது. பின்னாலிருந்து யாரோ, ‘அதான் அண்ணாச்சி உபயம்னு போர்டே வச்சிருக்காவள்லா’ என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஏலே சிவபாலா, உனக்கு அறிவியல் பாடம் நாந்தானல எடுத்தேன்’ என்றார். அதில் கோபம் இருந்ததா வருத்தமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்புறம் ஊஞ்சல் பக்கம் திரும்பி, ‘பிள்ளையளப் பத்தி நான் சொன்னது தப்பு, எல்லாரும் கேட்டுக்கிடுங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பிச்சம்மாள் அக்கா, ‘உப்போ ஆசிட்டோ, பந்து பந்துதான’ என்று பிடியை விடவில்லை. கடைசியில் பள்ளி திறக்கும் வரை பார்க்கலாம், பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் சில சாயங்காலம், பையன்களுக்குக் காலையில், யார் மேலாவது பந்து பட்டால் அத்தோடு ஆட்டம் நிறுத்தம் என்று முடிவு. இப்படி ஒரு நூலில் தொங்குகிறது. அப்பா போர்டைக் கழற்றிவிட்டு, பாத்தியின் மேல்மண்ணை அவரே வெட்டி அள்ளி, பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து செம்மண் கொண்டுவந்து போட்டார். எந்தக் கன்று பிழைக்கும் என்று சொல்ல முடியாது. சார் பக்கத்தில் வந்து பார்த்தார், கேன் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுப் போனார். அது எந்த அர்த்தத்தில் என்று அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நேற்றுப் பெண்பிள்ளைகள் மறுபடி இறங்கினார்கள். இஞ்ஞாசி அண்ணன் மகளும் வந்திருந்தாள், அவள் அப்பா வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கோடே கிடையாது. எனக்கு ஒவ்வொரு உதைக்கும் பயம், பந்து யார் மேல் போய் விழுமோ என்று. ஆனால் ப்ரியா, பந்து கிழக்குப் பக்கம் திரும்பினாலே போதும், கன்றுகள் நிற்கும் சுவருக்கு எவ்வளவோ தூரம் முன்பே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ‘அவுட்டு’ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த இடம் பாதியாகிவிட்டது, அந்தப் பாதிக்குள்ளேயே கனி ஒரு கோல் போட்டாள்.

அப்பாவிடம் இதைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்ல வருவார், அப்போது சிரிக்காமல் கேட்டுக்கொள். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. செந்தூர் முருகன் அந்தத் தூர தேசத்திலும் உனக்குக் காவலாக இருந்து நல்ல படிப்பும் நல்ல மனிதர்களும் தரட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
பிரேமா
தூத்துக்குடி