திரைக்கு மேலே ஒரு கை

1936 ஜனவரி 9

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். படித்தே தீருவீர்கள் என்றால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். காதர் அண்ணனிடம் காட்டவே காட்டாதீர்கள். அவன் சைதாப்பேட்டை பூராவும் தமுக்கடித்துவிடுவான்.

இன்று அத்தா சம்மதித்தார். பள்ளிக்கூடங்களுக்குள் நடக்கும் பொது அறிவுப் போட்டிக்கு எங்கள் தேர்டு பாரம் வகுப்பிலிருந்து மூன்று பேர் போகிறோம்: அஸ்மத்துன்னிசா, கைசர் ஜஹான், நான். மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது. எதிர் அணிகள் எல்லாம் ஆண் பிள்ளைகள். அதனால் மேடையில் எங்களுக்குத் திரை கட்டுவார்கள்.

“மூஞ்சியும் தெரியக் கூடாது, குரலும் கேக்கக் கூடாது. கேட்டுச்சு, மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டுடணும்” என்றார் அத்தா.

தலையாட்டினேன். குரல் இல்லாமல் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜனவரி 11

அமீனா பீ டீச்சர் விதிகளைச் சொன்னார். கேள்வியை ஒரு முறைதான் படிப்பார்கள். முதலில் கை தூக்குகிறவருக்குத்தான் கேள்வி. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது, தனியாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கேள்வி எதிர் அணிக்குப் போய்விடும். அவர்கள் கூடிப் பேசிச் சொல்லலாம், ஆனால் பாதி மார்க்குதான். இரண்டு பள்ளிக்கூடங்களோடு மோத வேண்டும். ஒன்றையாவது ஜெயித்தால் கடைசிச் சுற்றுக்குப் போகலாம்.

நாங்கள் விடையை டீச்சர் காதில் சொல்வோம். அவர் திரை ஓரத்தில் உட்கார்ந்து சபைக்கு உரக்கச் சொல்வார். நடுவரும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 14

“இன்னாடி, திரைக்குள்ள உக்காந்துகினு கோலி ஆடப் போறியா?” என்கிறான் காதர் அண்ணன். அவன் தேர்டு பாரத்திலேயே இரண்டு தடவை ஃபெயில். அவனிடம், படித்தது போதும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 18

தோற்றோம். இல்லை, தோற்கவில்லை — தோற்கடித்தார்கள்!

“சாதாரணமாகத் திரவமாகவே இருக்கும் உலோகம் எது?” நடுவர் படித்து முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. யாருக்குத் தெரிந்தது? திரைக்குத் தெரிந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, அப்புறம் நடுவர் பக்கம் திரும்பித் தன் கையைத் தூக்குவதற்குள் அந்தப் பக்கம் ஒரு பையன் தூக்கிவிட்டான். பாதரசம் அவர்களுக்குப் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. எல்லாமே இப்படித்தான்.

டீச்சர் முறையிட்டார். “திரை நீங்க கேட்டதுதானேம்மா? நான் கண்ணால பார்த்ததுக்குத்தான் மார்க் போட முடியும்” என்றார் நடுவர். அந்தப் பையன்களில் ஒருவன், “உள்ள மனுஷா இருக்காளா, வெறும் துணிதானா?” என்றான். சபையே சிரித்தது.

திரையை நாங்களா கேட்டோம்? கேட்டது எங்கள் வீட்டு ஆண்கள். கட்டியது அந்த மண்டபத்து ஆண்கள். மார்க் போனது மட்டும் எங்களுக்கா?

ஜனவரி 21

டீச்சர் போட்டி நடத்துகிறவர்களிடம் போய், கைக்குப் பதிலாக ஒரு மணி கொடுங்கள் என்று கேட்டாராம். விதியில் கை என்றுதான் இருக்கிறதாம். கடைசியில் பெரிய மனது பண்ணி, திரைக்கு மேலே கை தெரிந்தால் ஒப்புக்கொள்கிறோம் என்றார்களாம்.

பெஞ்சின் மேல் மண்டிபோட்டுக் கையை மட்டும் உயர்த்திப் பழகினோம். கைசர் ஜஹான் தொப்பென்று விழுந்தாள். முழங்கால் சிராய்த்தும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

கை என்பது மூஞ்சி இல்லை. குரலும் இல்லை. நான் அத்தா பேச்சை மீறவில்லை — அப்படித்தானே?

ஜனவரி 25

எழுதவே கை ஓடவில்லை.

இன்று இரண்டாவது பள்ளிக்கூடம். இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றோம். கடைசிக் கேள்வி: “சந்திர கிரகணம் அமாவாசையன்று வருமா? காரணம் என்ன?” திரைக்கு மேலே முதலில் போனது என் கைதான். டீச்சர் காதில் சொன்னேன். அவர் சபைக்குச் சொன்னார்.

உடனே எதிர் அணித் தலைவன் எழுந்தான். “சார், சொல்றது டீச்சர்தானே! அந்தப் பொண்ணுக்குத் தெரியும்னு என்ன நிச்சயம்?”

அதுவரை எத்தனை விடையை டீச்சர் சொன்னார்! அப்போதெல்லாம் வாய் மூடி இருந்தவனுக்கு, தோற்கப் போகும்போதுதான் சந்தேகம் வருகிறது. நடுவரும், “நியாயம்தான். கை தூக்கின பெண் வெளியே வந்து தானே சொல்லட்டும். இல்லேன்னா கேள்வி அந்தப் பக்கம் போகும்” என்றார்.

“விட்டுடும்மா, போகட்டும்” என்றார் டீச்சர். அஸ்மத்துன்னிசா என் தாவணியைப் பிடித்துக்கொண்டாள். “ஒங்க அத்தா கொன்னுடுவாருடி.”

ஆனால் என்ன நிச்சயமாம்? என்ன நிச்சயமாம்! முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனேன்.

“என் பேர் சகினா. கை தூக்கினது நான்தான். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல பூமி வந்தாத்தான் பூமியோட நிழல் நிலா மேல விழும். அமாவாசையில நிலா சூரியன் பக்கம் இருக்கு. அது மேல எப்படி நம்ம நிழல் விழும்?”

யாரும் சிரிக்கவில்லை. நடுவர் மார்க் போட்டார். ஜெயித்துவிட்டோம்.

அப்போதுதான் முன் வரிசையைப் பார்த்தேன். ஹபீபுர் ரஹ்மான் மாமா — அத்தாவின் மூங்கில் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் — என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 26

மாமா காலையிலேயே வந்து அத்தாவிடம் பேசிவிட்டுப் போனார். அத்தா பகல் முழுவதும் சாப்பிடவில்லை. சாயங்காலம் வெளியே போனவர் இன்னும் வரவில்லை.

அம்மா வந்து சொன்னார்: “மேடையில நின்னு பேசினியாமே? புஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டச் சொல்லிட்டாரு. வந்து கேட்டாருன்னா, தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிட்டு கம்முனு கெட.”

தெரியாமலா? தெரிந்ததைச் சொல்லத்தானே போனேன்!

மூட்டை கட்டவில்லை. எல்லாப் புத்தகமும் பாயில் விரித்தபடிதான் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை கடைசிச் சுற்று. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது: நான் சொன்னதில் எது தப்பு, அத்தா? குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

கதவைத் தட்டுகிறார்கள். அத்தா இருமும் சத்தம். விளக்கை ஊதிவிட்டுத் தூங்குவது போலப் படுத்துக்கொள்ளலாம். மாட்டேன். விளக்கு எரியட்டும். நானே போய்க் கதவைத் திறக்கிறேன்.