அடிக்க வேண்டிய பெயர்

12-11-1956, திங்கள்

எந்தக் கட்சியிலும் சேராத நாங்கள் நாலு பேர் தென்காசியில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறோம். இன்று தறி நெய்யும் பாத்திமா பீவி தன் பெயர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. இறந்துபோன கணவர் பெயரைத் தேடச் சொன்னார். இருந்தது.

"அடிச்சிருங்க அண்ணாச்சி. அவுக மவுத்தாயி ரெண்டு வருசமாச்சு. எவனாவது அவுக பேருல கள்ள ஓட்டுப் போட்டா அவுகளுக்குத்தான கேவலம்?"

பெயரை நீக்கச் சொல்லும் மனுவை நீட்டினேன். கைநாட்டை அழுத்தி வைத்தார்.

என்ன மனுஷி! ஊர்ப் பட்டியலையெல்லாம் துருவுகிற நான், எங்கள் தெருப் பட்டியலில் காலமான அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, மூன்று நாளாக அதை அடிக்காமல் இருக்கிறேன்.

இப்போது ஒரு மனுவை எடுத்து அவர் பெயரை எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது.