பொறுக்கிப் போட்ட அரிசி

உத்திரமேரூர்,
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தமிழ்வாணனுக்கு அம்மா ஜெயமணி எழுதிக்கொள்வது. நீ அங்கே மஸ்கட்டில் கை கால் சுகத்தோடு இருக்கத் திருப்புலிவனத்து ஈஸ்வரனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை நைனா. போனில் பேசாமல் இதென்ன பழைய கால வேலை என்று உனக்குத் தோன்றும். வீட்டில் இருக்கும் பெரிய போன் உன் மனைவி தேவயானியுடையது, நான் பேசும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் எதையாவது உளறிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் அப்பாவின் பட்டன் போனில் வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது. அடுத்த வீட்டுப் போனில் பேசினால் விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். உன் கம்பெனிக்கே திரும்பும் ஆல்பர்ட் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், அதனால் ஊறுகாய் டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

நம் தேவயானிக்கு ரத்தம் குறைந்துவிட்டது. இது ஆறாவது மாதம். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, பதினொன்று இருக்க வேண்டியது ஏழில் நிற்கிறது என்றார்கள். இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டிவரும், பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் தங்கை எல்லம்மாளை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். அவளும் இப்படித்தான் வெளுத்துப்போய் நடமாடிக்கொண்டிருந்தாள், எல்லாரும் பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்றோம், பிள்ளை பிறந்த அன்றைக்கே அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தேவயானியின் கண் இமையை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எல்லம்மாள் முகம்தான் வருகிறது. இவளோ அவர்கிட்ட சொல்லாதீங்க அத்தை, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவாரு என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

என்ன தின்னக் கொடுக்கிறாய் என்று நீ கேட்பாய், கேட்கவும் வேண்டும். நீ அனுப்புவதில் வட்டிக்குப் போக மிச்சத்தில்தான் குடும்பம் நடக்கிறது, அதற்காக யாரையும் நான் வெறும் ரசத்தில் படுக்க வைத்ததில்லை. முருங்கைக்கீரை நம் வீட்டு மரத்தில் இருக்கிறது, அதை வேர்க்கடலைப் பொடி தூவி வதக்கினால் உன் அப்பாவே இரண்டு தரம் கேட்பார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஒரு நாள், கத்தரிக்காயோடு சென்னாக்குன்னிப் பொடி இறால் போட்டு ஒரு நாள், ஏரியில் தண்ணீர் வடிகிறது அதனால் பொடி மீன் மலிவாகக் கிடைக்கிறது, மண்சட்டியில் புளி தூக்கலாக வைத்தால் தெருவே மணக்கும். கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மண்ணீரல், அதான் சுவரொட்டி, வாங்கி மிளகு போட்டு வறுத்துத் தருகிறேன், ரத்தம் ஊறும் என்பதால் அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிறாள். ஆனால் மூன்று வேளையும் வயிற்றை நிரப்புவது ரேஷன் அரிசிதானே. அங்கேதான் கோளாறு நடந்திருக்கிறது.

மாசி மாதத்தில் நீ ஒரு வீடியோ அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்துவருகிறது, தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, பிள்ளைத்தாய்ச்சி தின்றால் குழந்தைக்கு ஆபத்து என்று ஒருத்தன் அலறினான். கூடவே நீயும் பேசி அனுப்பியிருந்தாய், அம்மா அவளுக்கு அத்தப் போட்டுடாத, நல்லாப் பொறுக்கிடு என்று. நான் போய் அரிசியைப் பார்த்தேன், நிஜமாகவே நடுநடுவே வேறு மாதிரி அரிசி கிடந்தது, மங்கலாக, ஒரே அச்சில் வார்த்தது போல. கழுவினால் சிலது மேலே வருகிறது. அன்றிலிருந்து முறத்தைப் போட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிறவரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். என் பேத்தியோ பேரனோ விஷம் தின்னக் கூடாதென்று கழுத்து வலிக்க உட்கார்ந்து செய்த வேலை அது.

போன வாரம் ரத்தச் சோதனைக்குப் பிறகு கிராமத்து நர்ஸம்மா வீட்டுக்கு வந்து நான் முறத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இன்னாம்மா பண்றீங்க என்று கேட்டாள், பிளாஸ்டிக் பொறுக்குகிறேன் என்று சொன்னேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது. ஐயோ, அது பிளாஸ்டிக்கு இல்லம்மா, அரிசி மாவுலயே இரும்புச்சத்து கலந்து பண்ணிக் கொஞ்சம் கொஞ்சம் கலந்து குடுக்கறாங்க, ரத்தம் கம்மியா கீறவங்களுக்காகத்தான் அது, நீங்க அத்தப் பொறுக்கிக் கோழிக்கா போட்டுக்கினு கீறீங்க என்று தலையில் அடித்துக்கொண்டாள். முறத்தின் ஓரத்தில் ஒதுக்கியதில் ஒரு சிட்டிகை எடுத்து என் எதிரிலேயே வாயில் போட்டு மென்று விழுங்கினாள். நான் கோழியைத் திரும்பிப் பார்த்தேன். தெருவிலேயே நம் வீட்டுக் கோழிக்குத்தான் கொண்டை செக்கச்செவேலென்று இருக்கிறது. அதுகள் போட்ட முட்டையையும் பருப்புச் செலவுக்கென்று டீக்கடைக்கு விற்றுவந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன், முட்டை தினமும் தேவயானிக்குத்தான். அந்த அரிசியைப் பொறுக்கியதால் மட்டும் ரத்தம் குறையவில்லை, அதைத் தின்பதால் மட்டும் ஏறிவிடாது, மாத்திரையும் சேர்த்தால்தான் ஏறும் என்றும் அவள் சொன்னாள். சோறு தின்ற கையோடு டீ குடிக்கக் கூடாதாம், கீரைக்கு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டுமாம்.

அவள் சொன்னதை உடனே நம்பினேன் என்று நினைக்காதே. பயம் போகவில்லை. இரண்டு மூன்று வேளை பொறுக்காத அரிசியை எனக்கு மட்டும் தனியாகப் பொங்கித் தின்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் தேவயானிக்குப் போட்டேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். அவரு வாணாம்னு சொல்லிக்கீறாரு அத்தை, நாளைக்குக் குழந்தைக்கு இன்னானா ஆனா அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது என்கிறாள். உன் அப்பா சொன்னார், நர்ஸம்மா மறுபடி வந்து சொன்னாள், அசையவில்லை. அப்புறம்தான் நான் சந்தேகப்பட்டு அவள் பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் புடவை மடிப்பில் கிடக்கின்றன. கேட்டால் போனை எடுத்து நீட்டுகிறாள். சத்து மாத்திரை தின்றால் குழந்தை கறுத்துப் பிறக்கும், மூளைக்கு ஆகாது என்று அதற்கும் ஒரு வீடியோ, அதுவும் நீ அனுப்பியதுதான். நம் வீட்டில் யாரடி வெள்ளைக்காரன், கறுப்பாகப் பிறந்தால் என்ன கெட்டுப்போகும், பிறக்க வேண்டுமே என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள், நானும் அடுப்படியில் போய் அழுதேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். வேலை முடிந்து படுக்கையில் போனைத் தடவிக்கொண்டே வருவதையெல்லாம் தள்ளிவிடுகிறாயே என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் மனம் இளகிவிடுகிறது. பொங்கல் முடிந்து போனவன், அவள் வயிறு மேடிட்டதைக்கூட நேரில் பார்க்கவில்லை, ஒரு மாம்பழம் வாங்கிக்கொடுக்க உனக்கு வழி இல்லை. அங்கிருந்து அவளுக்கு அனுப்ப உன் கையில் இருந்தது பயம் ஒன்றுதான், அதைப் பத்திரமாக அனுப்பியிருக்கிறாய். அவளும் நீ கொடுத்ததென்று அதைச் சோற்றைவிட மேலாக வைத்திருக்கிறாள். நான் என்ன சமைத்தாலும், எத்தனை ருசியாகச் சமைத்தாலும், அதன்மேல் உன் குரல் உட்கார்ந்திருக்கிறது நைனா, அதை என்னால் தள்ள முடியவில்லை. நீதான் எடுக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, அது யாருக்கும் உதவாது. நான் எழுதினேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. நீயாகவே ஒரு டாக்டரிடம் கேட்டதாகச் சொல், அந்த வீடியோவெல்லாம் தப்பு என்று உன் வாயால் சொல், மாத்திரையைப் போடச் சொல், சோற்றை அள்ளித் தின்னச் சொல். திட்டாதே, கெஞ்சிச் சொல். நீயும் அங்கே ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றே நாளை ஓட்டாமல் பருப்பும் முட்டையுமாகச் சாப்பிடு. உனக்கும் அவளுக்கும் அவள் வயிற்றில் இருப்பதற்கும் நூறு வயசு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, நாளைக்கு என்று தள்ளாதே, ஆல்பர்ட் இதை உன் கையில் கொடுத்ததும் படித்துவிட்டு உடனே போன் போடு, எனக்கு இல்லை, அவளுக்கு. எந்த நேரமானாலும் சரி, நான் பக்கத்தில் சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தா. ஜெயமணி