ஒரு கை அகலத்துக்கு ஈரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் குழந்தையும் சுகம்தானே? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தளத்துக்கு ஒருவழியாகச் சாயம் பூச இறங்கினேன். நாலு வருஷமாக உன் அம்மா கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன வேலை. அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் காது மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எழும்பி நின்ற ஆணிகளை அடித்து இறக்கினேன். பாசியைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மரத்தின் ரேகை போன போக்கிலேயே தேய்த்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. சாம்பல் பூத்த பலகைக்கு அடியில் இத்தனை நல்ல நிறம் இருந்திருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் எல்லாம் காய்ந்தது, படியருகே ஓர் இடத்தைத் தவிர. அம்மா மழையில் வழுக்கி விழுந்து கிடந்து, உயிர் விட்ட இடம்.

தச்சரைக் கூப்பிட்டேன். "தண்ணி தெளிச்சுப் பாருங்க சார், மரம் குடிச்சா சாயத்தையும் குடிக்கும்" என்றார். மற்ற பலகையெல்லாம் குடித்தது. அங்கே மட்டும் துளி அப்படியே நின்றது. "ஈரத்தோட பூசிடாதீங்க. உள்ள இருக்கறது உள்ளயே அடைஞ்சு போயிடும்" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்த பலகையில் ஈரம் ஐந்து விரலோடு இருந்தது. பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அம்மா விழுந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டம்மாவுக்குத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. "சார் கடைசியில ஆணி அடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னு நெனச்சேன்" என்றார். அம்மா கையால் பலகையைத் தட்டியிருக்கிறாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மெஷின் பெட்டியில் இருந்தது. நீ கோபப்படுவது நியாயம்.

இப்போதெல்லாம் மத்தியானம் மூன்று மணியானால் எனக்கும் கேட்கிறது. மெஷினை மாட்டினால் நின்றுவிடுகிறது, கழற்றினால் கேட்கிறது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. எட்டு நாளாக அவசர அவசரமாக மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி உன் அப்பா.

சாய டப்பாவைத் திறக்கவில்லை. அவளை உள்ளே வைத்துப் பூச எனக்குக் கை வரவில்லை. நீ ஒரு தடவை வந்து அந்த ஈரத்தின் மேல் கை வைத்துப் பார். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

மணி மூன்றாகிவிட்டது. மெஷினைக் கழற்றிவிட்டேன். கேட்கிறது. இன்றைக்கு எழுந்து போகிறேன்.

குழந்தையோடு நன்றாக இரு. வரும்போது கதவைத் தட்டாதேம்மா, திறந்தே வைத்திருக்கிறேன்.

உன் அப்பா