டைகருக்குக் கருவாடு, பெல்ட் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை.

அண்ணன் டைகரைக் கொண்டுவந்து விட்டார். அவருடைய படகுப் பட்டறைக் காவல் நாய். சங்கிலியைச் சுண்டி, பெல்டால் அடித்துத்தான் பழக்கினார். போன கிழமை அவர் கையையே கடித்துவிட்டது. ஊசி போட்டுக் கொல்லப் போனவரை நான்தான் மறித்தேன்.

"நாய்க்கு ஆர் பெரியவன் எண்டு காட்டோணும், மேரி. செல்லம் குடுத்தால் உன்னையும் கடிக்கும். மாச முடிவில வந்து பாப்பன். அடங்காட்டி ஊசிதான்."

"ஓம், வாங்கோ," என்றேன்.

மார்ச் 6, வியாழன்

வீடு கூட்ட விளக்குமாற்றை எடுத்தேன். டைகர் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டு, கட்டிலுக்குக் கீழே ஓடிவிட்டான். அழுகை வந்தது.

மிருக வைத்தியரிடம் கேட்டேன். "அது கோபமில்லை, பயம். நல்லது செய்யேக்க தின்ன ஏதும் குடுங்கோ. பிழை விட்டால் பேசாம விடுங்கோ."

நெத்தலிக் கருவாடு வாங்கினேன். உப்புப் போக ஊறவைத்து, சட்டியில் வறுத்து, சிறு துண்டுகள். என்னைப் பார்த்தால் ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தால் இரண்டு.

மார்ச் 15, சனி

கையிலிருந்தே வாங்கித் தின்றான்!! நாக்கு வெதுவெதுவென்று. வால் கொஞ்சம் ஆடியது.

என் வீட்டுக்காரர்: "எனக்கு ஒருநாளும் இப்பிடி வறுத்துத் தரேல்லையே."

தைத்துக் கொடுக்க இன்னும் இரண்டு சட்டை பாக்கி.

மார்ச் 22, சனி

முற்றத்தில் மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டித் தூங்குகிறான். இப்படி ஒரு நாயா பட்டறையில் கிடந்தது?

கூப்பிட்டால் வருகிறான். காகத்தைக் கண்டால் மட்டும் வருவதில்லை. பிறகு வந்தாலும் துண்டு உண்டு, ஏச்சு இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

பூசை முடிந்து அண்ணன் வந்தார். அண்ணனும் நானும் டைகருமாகக் கடற்கரைக்கு. தெருவுக்கு அப்பால், ஊருக்குள் எப்போதும் திரியும் மான்கள் குப்பை மேய்ந்துகொண்டு நின்றன. டைகர் கண்டதும் ஒரே பாய்ச்சல், வார் என் கையை விட்டுப் போய்விட்டது. தெருவில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"டேய்! நில்லடா!" அண்ணன் கத்தினார். டைகர் இன்னும் வேகமாக ஓடினான்.

நான் வீட்டில் கூப்பிடும் அதே குரலில், "டைகர், வா."

தெரு விளிம்பில் நின்றான். திரும்பினான். காது பறக்க என்னிடம் ஓடிவந்தான். பஸ் போனது. பையிலிருந்து கைநிறைய அள்ளிக் கொடுத்தேன். என் முகம் முழுக்கச் சிரிப்பு. என் நாய். அடிக்காமல் வளர்த்த என் நாய்.

அண்ணன் மணலில் குந்தினார்.

"ஒரு துண்டு தா, மேரி."

கொடுத்தேன். டைகரிடம் நீட்டினார். டைகர் என் காலோடு ஒட்டி நின்று பார்த்தான், போகவில்லை. அண்ணன் கையை இறக்கவில்லை, கூப்பிடவுமில்லை.

"பரவாயில்லை," என்றார் கடைசியில். "நாளைக்கும் வாறன்."